ஒரு மூடி நீல மருந்து

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சோப்பு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருந்ததோடு சரி. காலையில் வந்ததும் மேசையைத் துடைப்பாள், துடைத்த துணியை அலசுவாள், துணி அலசிய தொட்டியைத் தேய்ப்பாள். ஒருத்தருக்கும் சோப்புப் போட்டுக் காரியம் சாதிக்கத் தெரியாதவளுக்குப் போய் இப்படி ஒரு பெயரா என்று கூடத்தில் கேலி பேசுவார்கள். அவள் சிரித்துக்கொள்வாள். ஊரில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ மோசமான பெயர் இருக்கிறது, இது எவ்வளவோ தேவலை.

அவளுடைய வேலை பல் வெட்டுவது. மருத்துவமனைகளில் பிடுங்கிய பற்கள் புட்டிகளில் வந்து சேரும். அவற்றின் தலையைச் சீவி, உள்ளே இருக்கிற மஞ்சள் பகுதியில் பசையைத் தடவி, பல் அடைக்கும் வெள்ளைப் பொருளை மேலே வைத்து, விளக்கைக் காட்டி இறுக வைப்பாள். மறுநாள் அதை வைரத்தூள் பதித்த தகட்டால் குச்சி குச்சியாக அறுப்பாள். ஒரு குச்சி, தீக்குச்சியில் பாதி தடிமன்கூட இருக்காது. அதில் ஒரு பாதி பல், மறு பாதி அடைப்பு, நடுவில் கண்ணுக்குத் தெரியாத கோடாகப் பசை. அந்தக் குச்சிகளைச் செயற்கை எச்சிலில் போட்டு, உடம்புச் சூட்டில் இருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் ஒரு வருஷம் வைத்துவிடுவார்கள். வாய்க்குள் பசை என்ன பாடுபடும் என்பதைப் புட்டிக்குள் பாடுபட வைத்துப் பார்க்கிற வேலை. வருஷம் முடிந்ததும் குச்சியின் இரண்டு முனையையும் இயந்திரத்தில் பிடித்து இழுத்து, எத்தனை பாரத்துக்குப் பிய்கிறது என்று எழுதுவார்கள்.

அந்தக் கூடத்தின் தலைவரைப் பசைக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அவர் காதுபடவே. பல்லில் ஒட்டினால் ஒட்டினபடி நிற்கிற ஒரு பசைக்காக இருபது வருஷம் செலவழித்த மனிதர். மற்றபடி சாது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வருவார்.

"கல்யாணம் பண்றது பெரிய விஷயமில்லம்மா, குடித்தனம் நடத்தறதுதான் கஷ்டம். பசையும் அப்படித்தான். முதல் நாள் எல்லாப் பசையும் நல்லாத்தான் ஒட்டுது. அஞ்சாம் வருஷம் எங்கே நிக்குதுன்னு பாக்கணும்" என்பார்.

புதுப் பசையைச் சோதனைக்கு வைத்த வருஷம்தான் அந்தக் காரியம் நடந்தது. காரியம் என்றால் அப்போது அதை யாரும் காரியமாக நினைக்கவில்லை. அவள்கூட நினைக்கவில்லை.

இன்குபேட்டரில் எட்டுப் புட்டிகள் இருந்தன. நான்கில் பழைய பசை ஒட்டிய குச்சிகள், நான்கில் புதுசு. மூன்றாவது வாரம் கதவைத் திறந்தபோது, புதுப் பசைப் புட்டிகள் நான்கும் கலங்கிப்போயிருந்தன. குச்சிகளைச் சுற்றி வழவழவென்று ஒரு பாசி. மூடியைத் திறந்தால் குப்பென்று நாற்றம். பழைய பசைப் புட்டிகள் கண்ணாடி போல இருந்தன. இன்னொருத்தியாக இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு பசைக்காரரைக் கூப்பிட்டிருப்பாள். சோப்புக்கு அது வெட்கக்கேடாகப் பட்டது. தன் அலமாரியில் பாசி பிடித்திருக்கிறது என்றால் வெளியே தலைகாட்ட முடியுமா? நாலு பேருக்குத் தெரிவதற்கு முன்னால் குச்சிகளை அலசினாள், புட்டிகளைத் தேய்த்தாள், புது எச்சில் ஊற்றினாள். அடுத்த வாரமும் கலங்கியது. தொட்டிக்கு மேலே, பல் டாக்டர் யாரோ மாதிரிக்குக் கொடுத்த வாய் கொப்பளிக்கும் மருந்து இருந்தது, நீல நிறம், கிருமிக்கு எமன். கலங்கிய நான்கு புட்டிகளிலும் ஒவ்வொரு மூடி ஊற்றினாள். அதற்கப்புறம் பாசியைக் காணோம். வாரா வாரம் எச்சில் மாற்றும்போது ஒரு மூடி. ஒரு வருஷத்துக்கும்.

குறிப்பேட்டில் அவள் இதை எழுதவில்லை. பாத்திரம் கழுவினதை யாராவது எழுதிவைப்பார்களா?

வருஷம் முடிந்து குச்சிகளை இழுத்தார்கள். பழைய பசை வழக்கம்போலப் பாதி பலம்கூட இல்லாமல் பிய்ந்தது. புதுசு பிய்ய மாட்டேன் என்று அடம் பிடித்தது. சில குச்சிகளில் பல்லே உடைந்தது, பசை விடவில்லை. பசைக்காரர் மூன்று தடவை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அவளும் அழுதாள். இருபது வருஷம் சும்மாவா?

அடுத்த இரண்டு வருஷத்தில் ஒப்புதல்கள் வந்தன. பக்கத்துக் கட்டடத்தில் பசை தயாரானது, சின்னச் சின்னக் கறுப்புக் குப்பிகளில். முதலில் ஆறு பல் மருத்துவமனைகளுக்குப் போனது. அவற்றில் ஒன்று அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த டாக்டரம்மாவுடையது.

சோப்புக்கு ஒரே மகள், பதினோரு வயது. வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. ஒருநாள் பள்ளிக்கூட மாடிப்படியின் கைப்பிடியில் சறுக்கிக்கொண்டு வந்து, கீழே இருந்த இரும்புக் கம்பியில் முகத்தைக் கொடுத்தாள். மேல் வரிசை முன்பல் ஒன்று குறுக்கே உடைந்துபோனது. உடைந்த துண்டைக் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஓட்டை வாயோடு பெருமையாகக் காட்டினாள். அவளுடைய அம்மா பல்லைப் பாலில் போட்டு, பிள்ளையைத் தோளில் போட்டு, டாக்டரம்மாவிடம் ஓடினாள்.

"கவலைப்படாதீங்க. உங்க பசையாலேயே உங்க பொண்ணு பல்லை ஒட்டிடறேன்" என்றார் டாக்டரம்மா. அரை மணி நேரத்தில் துண்டு பல்லோடு சேர்ந்தது. எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடினாலும் தெரியவில்லை. சோப்புக்கு அன்றைக்கு வாய் நிறையச் சிரிப்பு. தெரிந்தவர்களிடமெல்லாம் மகளை ஈ என்று இளிக்கச் சொல்லிக் காட்டினாள்.

அந்தச் சிரிப்பு சரியாக ஏழு வாரம் இருந்தது.

ஏழாவது வாரம் திங்கட்கிழமை, பசைக்காரர் உற்சாகமாக வந்து அவள் மேசையில் ஒரு புட்டியை வைத்தார். நீல மருந்து. அதே நிறம், அதே மூடி.

"அடுத்த வேலை இதும்மா. பல்லுக்குள்ளேயே ஒரு எதிரி உக்காந்திருக்கு, தெரியுமில்ல? நாம ஆசிட் தடவினதும் பல்லுல நார் நாரா ஒரு வலை திறந்துக்குது. பசை அந்த வலைக்குள்ள முழுசா இறங்கறதில்லை. இறங்காத எடத்தைப் பல்லோட சொந்த என்சைமே மெல்ல மெல்லத் தின்னுடுது. வெளிய ஒண்ணும் தெரியாது. இந்த மருந்து பட்டா அந்த என்சைம் தூங்கிடும். நம்ம பசைக்கு இது தேவையே இல்லைன்னு வச்சுக்கோ, அதான் தானாவே நிக்குதே. இருந்தாலும் இதையும் கலந்து பாப்போம்."

அவள் புட்டியைக் கையில் எடுத்து மூடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சார்... பசையில கலக்காம, ஊற வைக்கிற தண்ணியில கலந்தா?"

"எப்படிக் கலந்தா என்ன? பட்டாத் தூங்கும். ஆனா வாய்க்குள்ள வருஷம் பூரா யாரு இதை ஊத்திக்கிட்டு இருப்பா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவள் புட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாரா வாரம் ஒரு மூடி, ஒரு வருஷம். எதிரியைத் தூங்கவைத்துவிட்டுக் கோட்டை பலமாக இருக்கிறது என்று கொண்டாடியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம் பத்து நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. பழைய பசைப் புட்டியில் பாசி வரவில்லையே, புதுசில் மட்டும் ஏன் வந்தது? புதுப் பசையிலிருந்து ஏதோ கரைந்து தண்ணீரில் இறங்கியிருக்கிறது. அதைத் தின்றுதான் பாசி வளர்ந்தது. நான் கரைகிறேன், நான் விடுகிறேன் என்று பசை தன் வாயாலேயே மூன்றாம் வாரமே சொல்லியிருக்கிறது. அதைத்தான் அவள் அலசி, தேய்த்து, மருந்து ஊற்றி வாயை அடைத்திருக்கிறாள்.

அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இதைப் படிக்கிற யாருக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும். எழுந்தாள், அவருடைய அறை வாசல்வரை போனாள். உள்ளே அவர் யாரிடமோ தொலைபேசியில், "இருபது வருஷம்ங்க, இருபது வருஷம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டாள். ஒருவேளை மருந்து இல்லாமலேயே பசை நல்லதாக இருந்தால்? வீணாகக் குட்டையைக் குழப்புவானேன்? முதலில் நிரூபணம் வரட்டும் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். மனதுக்கு அது பிடித்திருந்தது.

மறுநாளே ஈ காக்காய்க்குத் தெரியாமல் புதுப் பசையில் இருபது குச்சிகள் அறுத்தாள். வெறும் செயற்கை எச்சிலில் போட்டு, இன்குபேட்டரின் அடித்தட்டில், பின்னால், மற்ற புட்டிகளுக்கு மறைவாக வைத்தாள். ஆறு மாதம் போதும், வித்தியாசம் தெரிந்துவிடும். நீல மருந்தை எடுத்துப் பூட்டிவைத்தாள்.

மூன்றாவது வாரம் புட்டி கலங்கியது.

அவள் வாழ்க்கையில் ஓர் அழுக்கைப் பார்த்துவிட்டுத் துடைக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. எச்சிலை மாற்றினாள், பாசியைத் தொடவில்லை. தினமும் கதவைத் திறந்து பார்ப்பாள். அது கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தது. குச்சிகள் அதற்குள் மறைந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு கதவைச் சாத்துவாள்.

ஜன்னலுக்கு வெளியே, பக்கத்துக் கட்டடத்தின் முன்னால், செவ்வாய்க்கிழமைகளில் வண்டி வந்து நிற்கும். அட்டைப்பெட்டிகளை ஏற்றுவார்கள். முன்பு ஆறு மருத்துவமனைகளுக்கு ஒரு பெட்டி போதும். இப்போது பெட்டிகள் கூடிக்கொண்டே வந்தன. வண்டிக்காரர் அவளைப் பார்த்தால் கையை ஆட்டுவார். அவளும் ஆட்டுவாள், பிறகு அந்தக் கையைக் கழுவப் போவாள். வண்டி போன பிறகும் ஜன்னல் பக்கம் பார்க்கப் பிடிக்காது.

வீட்டில் ஆப்பிளைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுக்க ஆரம்பித்தாள்.

"நான் என்ன கைக்குழந்தையா? அப்படியே கடிச்சுச் சாப்பிடறேன் குடும்மா" என்றாள் வாலு.

"சொன்னதைக் கேளு. பல்லு இன்னும் பழகலை."

"உன் பசைதானே? கல்லு மாதிரி நிக்கும்னு நீதானே எல்லார்கிட்டயும் சொன்னே?"

ஆப்பிளை இன்னும் சின்னதாக நறுக்கினாள்.

அவளுடைய புருஷன் தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவர். பேச ஆரம்பித்தால் ஓய மாட்டார், அதுவும் வேலையைப் பற்றி என்றால் சாப்பாடு ஆறிப்போகும். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே, தான் பார்த்துவிட்டு வந்த வீட்டைப் பற்றிச் சொன்னார்.

"கூடம் பூரா பாக்க ஜம்முனு இருக்கு. ஒரு விரிசல் இல்லை. வீட்டுக்காரர் என்னைப் பாத்து, எதுக்கு வந்தேங்கற மாதிரி நிக்கறார். நான் ஒண்ணும் பேசலை. சுத்தியல் கட்டையால ஒவ்வொரு கல்லாத் தட்டிக்கிட்டே போனேன். நடுக்கூடத்துல பொத்து பொத்துனு சத்தம். அடியில பசை விட்டுப்போச்சு. தண்ணி போயிருக்கு. மேல கல்லு, கீழ காலி. எடுத்துக் காட்டினா, அடியில பூரா கறுப்பு. அந்த மனுஷன் முகத்தைப் பாக்கணுமே!"

"எடுத்தாத்தான் தெரியுமா?" என்றாள்.

"தட்டினாத் தெரியும். நிச்சயமாத் தெரியணும்னா எடுக்கணும். எடுத்தா உடையும். அதனாலதான் ஜனங்க எடுக்க விடமாட்டாங்க. சரியாத்தானே இருக்கு, சரியாத்தானே இருக்குனு தள்ளிப்போட்டுக்கிட்டே இருப்பாங்க." அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்டார், "ஏன் நீ சாப்பிடலை?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாலு வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். சோப்பு பக்கத்தில் போய் உட்கார்ந்து, சுட்டுவிரல் நகத்தால் அந்தப் பல்லைத் தட்டிப் பார்த்தாள். டக். பக்கத்துப் பல்லைத் தட்டினாள். டக். மறுபடி இது. வித்தியாசம் இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நான்காவது தடவை தட்டும்போது மகள் கண்ணைத் திறந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"ஒண்ணுமில்லடா. எச்சில் வழிஞ்சுது, துடைச்சேன்."

பிள்ளை புரண்டு படுத்தது. தாய்க்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. தூங்குகிற குழந்தையின் வாயில் திருடியைப் போலக் கை வைத்திருக்கிறாள், அதற்கு ஒரு பொய் வேறு.

ஐந்தாவது மாதம் வாலு சொன்னாள், "அம்மா, ஜில்லுனு தண்ணி குடிச்சா முன்னாடி சுரீர்னு இழுக்குது."

அவளுக்குப் புரிந்துவிட்டது. பசைக் கோட்டுக்குள் ஈரம் போயிருக்கிறது. அதன் வழியாக என்னென்ன போயிருக்குமோ! அப்போதாவது டாக்டரம்மாவிடம் ஓடியிருக்கலாம். அவள் என்ன செய்தாள் தெரியுமா? அன்றிலிருந்து மகளுக்கு வெந்நீர் ஆற்றிக் கொடுத்தாள். இன்னும் நான்கு வாரம்தான், நிரூபணம் வந்துவிடும் என்றாள். கெட்டவள் இல்லை அவள். பயந்தவள். ஆனால் அதே நான்கு வாரத்தில் அத்தனை மருத்துவமனைகளிலும் நாற்காலிகள் சாய்ந்துகொண்டுதான் இருந்தன, ஜனங்கள் வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்கு வெந்நீர் ஆற்றிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

ஆறாவது மாதம் முடிந்த அன்று, எல்லோரும் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்துப் புட்டியை எடுத்தாள். பாசியை விலக்கி இடுக்கியால் முதல் குச்சியைத் தூக்கினாள். அது தூக்கும்போதே இரண்டாகப் பிரிந்து, பல் பாதி திரும்பத் தண்ணீரில் விழுந்தது. இழுக்கக்கூட இல்லை. இரண்டாவதும் அப்படித்தான். இருபதில் பதினொன்று இடுக்கி பட்டதுமே விட்டன. மிச்சம் ஒன்பதை இயந்திரத்தில் மாட்டினாள். ஒவ்வொன்றும் பழைய பசையைவிடக் குறைந்த பாரத்தில், சத்தமே இல்லாமல், ஈரக் காகிதம் மாதிரிப் பிரிந்து வந்தது.

கடைசிக் குச்சியை எடுத்துவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு மாதமாகத் தனக்குத் தெரிந்ததைத்தான் இப்போது குச்சிகளும் சொல்கின்றன. புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

அப்போதும் அவள் பசைக்காரரிடம் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய் மகளைக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள். நம் பிள்ளை பல்லை முதலில் பார்ப்போம், பிறகு ஊரைப் பார்ப்போம். எந்த அம்மாவும் அப்படித்தானே நினைப்பாள்? வழியெல்லாம் இப்படித்தான் தனக்குத்தானே நியாயம் பேசிக்கொண்டு போனாள்.

வெளியே வரிசையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தெரிந்தவள் என்பதால் டாக்டரம்மா இவளை முதலில் உள்ளே கூப்பிட்டார்.

"என்ன வாலு, திரும்பவும் கம்பியோட சண்டையா?"

"இல்ல டாக்டர், அம்மாதான் கூட்டிட்டு வந்தாங்க. எனக்கே எதுக்குன்னு தெரியலை."

"பல்லு நிறம் சரியில்லாத மாதிரி இருக்கு டாக்டர்" என்றாள் சோப்பு. "எடுத்துட்டு வேற வச்சு விட்டுடுங்களேன்."

டாக்டரம்மா விளக்கை இழுத்துப் பார்த்தார். "நிறத்துக்கு என்ன? பொறந்த பல்லு மாதிரி இருக்கு. நல்லா இருக்கறதை எதுக்கு எடுக்கணும்?"

"இல்ல... எடுத்துடுங்க. பழைய பசையிலேயே ஒட்டிக் குடுங்க போதும்."

வாயிலிருந்து வந்துவிட்டது. டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றது. விளக்கை ஒதுக்கிவிட்டு அவளைப் பார்த்தார். சுத்தம் பார்க்கிற இந்தப் பெண்மணி, எங்கள் பசை எங்கள் பசை என்று மார்தட்டிய பெண்மணி, பழையதைக் கேட்கிறாள்.

"புதுசுல என்ன?"

அவள் மகளின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

டாக்டரம்மா மெல்லிய கொக்கி ஒன்றை எடுத்து, வாலுவின் பல்லில் ஒட்டியிருந்த இடத்தில் மெதுவாக வைத்து நெம்பினார். மெதுவாகத்தான். துண்டு முழுசாகக் கழன்று கொக்கியோடு வந்தது. அடியில், உடைந்த பல்லின் முகத்தில், பழுப்பாக ஒரு கறை படர்ந்து நடுவில் கறுத்திருந்தது. டாக்டரம்மா கொக்கியின் முனையால் தொட்டார், மெத்தென்று உள்ளே போனது. வாலு ஆ என்று நாற்காலியிலிருந்து எழும்பினாள்.

"நரம்புகிட்டப் போயிடுச்சு" என்றார் டாக்டரம்மா. "எட்டு மாசத்துல இவ்வளவு தூரமா? எப்படி?"

அவள் சொன்னாள். நின்றபடியே, சுவரைப் பார்த்தபடியே, பாசியிலிருந்து ஆரம்பித்து, மகளுக்கு வெந்நீர் ஆற்றிக் கொடுத்தது, இடுக்கியில் பிரிந்த குச்சிகள்வரை எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆறு மாதமாகச் சொல்ல முடியாமல் வைத்திருந்தது இவ்வளவுதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வாலு வாயில் பஞ்சோடு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"இன்னிக்கு மத்தியானம்தான் டாக்டர் குச்சியை இழுத்தேன்."

"அதைக் கேக்கலை. எப்போ தெரியும்?"

"ஆறு மாசம்."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. மேசைமேல் இருந்த பதிவேட்டை இழுத்துப் பக்கங்களைப் புரட்டினார், ஒவ்வொரு பெயராக விரலை வைத்துக்கொண்டே வந்தார். ஒரு பெயரில் விரல் நின்றது.

"எங்க அண்ணன். போன மாசம். நாலு பல்லு வச்சேன்" என்றார். "நேத்து ரெண்டு பேருக்கு. இன்னிக்குக் காலையில ஒருத்தருக்கு."

"நிரூபணம் இல்லாம எப்படிச் சொல்றதுன்னு..."

"நிரூபணமில்லாமதான் உங்க பொண்ணுக்கு வெந்நீர் ஆத்திக் குடுத்தீங்களா?"

டாக்டரம்மா பதிவேட்டை மூடினார்.

"இதுல இருக்கறவங்க எல்லாரையும் நான் கூப்பிட்டுச் சொல்லிக்கறேன். உங்க சாருக்கும் நானே பேசறேன். இந்தப் பொண்ணோட பல்லைக் காப்பாத்த முடியுமான்னும் பாக்கறேன். வெளிய உக்காந்திருக்கறவங்க மூணு பேருக்கும் நான் வச்சது உங்க பசைதான். அவங்ககிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க."

"நானா?"

"வேற யாரு?"

அவள் மகளைப் பார்த்தாள். வாலு பார்வையைத் திருப்பிக்கொண்டு கூரையைப் பார்த்தாள். சோப்பு கதவைத் திறந்து வெளியே வந்தாள். மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். பெரியவர் ஒருவர், கல்லூரியில் படிக்கிற வயதில் ஒரு பையன், ஓரத்து நாற்காலியில் அவள் வயதே இருக்கக்கூடிய ஒரு பெண். அந்தப் பெண் இவளைக் கண்டதும் மலர்ந்து சிரித்தாள்.

"நீங்கதானே அந்தப் பசைக் கம்பெனி அக்கா? டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. உங்களைப் பாத்தா நன்றி சொல்லணும்னு இருந்தேன். எனக்கு முன்னாடி ரெண்டு பல்லு உடைஞ்சு, சிரிக்கவே கூச்சமா இருந்துது. இப்போ பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு!" அவள் உதட்டை விலக்கிக் காட்டினாள்.

"எப்போ வச்சீங்க?"

"நாலு மாசம் ஆச்சுக்கா."

சோப்பு அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பெரியவரும் பையனும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பவே எனக்குத் தெரியும்" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன தெரியும் என்று கேட்கிற முகத்தோடு, இன்னும் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள்.